பழைய பொருளில் ஒரு சமையலறை

நேயர்களுக்கு வணக்கம். இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவு, கிரானைட், டைல்ஸ், சிங்க் இவற்றை வைத்துச் சமையலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். புதுப் பொருள் வாங்கும்போது வரைபடம் போட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். பழைய பொருளில் அது நடக்காது. பொருள் வீடு வந்து சேர்ந்து, அதை அளந்து பார்த்த பிறகுதான் மேடையின் நீளத்தையே முடிவு செய்ய வேண்டும். பலர் நஷ்டப்படுவது இந்த அவசரத்தில்தான்.

கிரானைட்டை எடுத்துக்கொள்வோம். வாங்குமுன் பலகை முழுவதும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கலாம். 20 மி.மீ. தடிமனுள்ள கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ இருக்கும். பழைய சிங்க் துளை உள்ள பலகையைப் படுக்கவைத்துத் தூக்கினால், துளைக்கு முன்னும் பின்னும் உள்ள ஒல்லியான பகுதி அந்த எடையிலேயே முறிந்துவிடும். செங்குத்தாக நிறுத்தித்தான் தூக்க வேண்டும். புதிதாகத் துளை போட்டால் நான்கு மூலையிலும் முதலில் டிரில்லால் வட்டத் துளை இட்டு, பிறகு வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். முன்னும் பின்னும் 5 செ.மீ.யாவது கல் மிஞ்ச வேண்டும். பளிங்கு மலிவாகக் கிடைத்தாலும் மேடைக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டாலே மங்கிவிடும்.

மரத்துக்குப் பொறுமை வேண்டும். பலமான காந்தத்தை இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்; தலை முறிந்த ஆணி உள்ளே இருந்தால் இழைப்புளியின் அலகு போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு. ஈரப்படுத்தியோ, பெயின்ட் நீக்கும் மருந்து தடவியோ சுரண்டி எடுங்கள். குண்டூசித் துளைகள் தெரிந்தால் கீழே கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் வையுங்கள். புதுத் தூள் உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது; அந்த மரத்தை உள்ளே கொண்டுவராதீர்கள். நல்ல மரத்தையும் இரண்டு மூன்று வாரம், இடையிடையே குச்சி வைத்து, வீட்டுக்குள் அடுக்கி வையுங்கள். ஈரமானியில் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அறுக்கலாம். இல்லையென்றால் பொருத்திய பிறகு சுருங்கி, இணைப்புகள் வாய் பிளக்கும்.

பழைய கதவை அலமாரிக் கதவாக்கும்போது தடிமனைக் கவனியுங்கள். இப்போதைய மறைகீல்கள் பெரும்பாலும் 16 முதல் 22 மி.மீ. வரையுள்ள கதவுகளுக்கானவை. பழைய கதவு 30 மி.மீ.க்கு மேல் இருந்தால், திறக்கும்போது விளிம்பு பக்கத்துச் சட்டத்தில் இடிக்கும். அதற்குச் சாதாரண பட்டைக் கீல்தான் சரி. பாலிஷை முகப்பில் மட்டும் அடித்தால் போதாது. பின்புறமும் வெட்டுமுனைகளும் நீராவியை உறிஞ்சி, பலகை வளையும்.

டைல்ஸில் முதலில் ஒன்றே ஒன்றின் பின்புறத்தைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் கலவை எளிதாக உதிரும். ஒட்டியிருப்பது சிமென்ட் கலவையாகி, அது டைலைவிடக் கெட்டியாக இருந்தால், டைல்தான் முதலில் உடையும். அந்தக் குவியலை விட்டுவிடுங்கள். 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக வாங்கி, பதிக்குமுன் தடிமன் வாரியாகப் பிரித்து வையுங்கள். மெல்லியதும் தடித்ததும் கலந்தால் சுவர் மேடு பள்ளமாகிவிடும்.

சிலவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கேஸ் குழாய், ரெகுலேட்டர், மின்கம்பி, சுவிட்ச் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய பித்தளைக் குழாய்களில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் குடிநீருக்கு ஆகாது. ரயில் தண்டவாளக் கட்டைகளில், மரம் உளுக்காமலிருக்கப் பூசும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். உணவு இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது. எவர்சில்வர் சிங்கைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கழிவுத் துளையின் விட்டத்தை அளந்து, அதைக் கழிவுக் குழாயோடு இணைக்கும் கப்ளிங் அந்த அளவில் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே கல்லில் துளை போடச் சொல்லுங்கள்.