எந்த ஊர், எந்தக் கோயில்?

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், பேரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊரு, எந்தக் கோயில்?" என்று கேட்டுவிடுவார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாருக்குக் கோயில்கள் ஒன்பது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று வரிசை போகும். அப்பாவின் கோயில்தான் மகனுக்கும். ஒரே கோயில் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுப்பதில்லை. மாத்தூரிலும் இளையாற்றங்குடியிலும் மட்டும் உட்பிரிவு பார்ப்பார்கள். அம்மா வழியில், கல்யாண வழியில் வருகிறவர்கள் தாயபிள்ளைகள்.

மனித குலத்தையே நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆண்களின் உடம்பில் ஒய் குரோமோசோம் என்று ஒரு மரபு இழை இருக்கிறது. கோயில் வருகிற அதே வழியில்தான் அதுவும் வருகிறது, அப்பாவிடமிருந்து மகனுக்கு. பெரும்பாலும் அப்படியே வரும். எப்போதாவது அதில் எழுதியிருக்கிற மரபுச் செய்தியில் ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து அதற்குப் பின் வரும் தலைமுறைகள் எல்லாவற்றிலும் நின்றுவிடும். ஒரே மாற்றம் இரண்டு பேரிடம் இருந்தால் அவர்கள் பங்காளிகள் என்று சொல்லிவிடலாம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஒய் குரோமோசோமில் அப்படி மாறிய எழுத்து ஒன்று, எம்130 என்கிற அடையாளம், கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் தொல்குடிகளிடமும் அதே அடையாளம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, கடலோரமாகவே நடந்து, நம் பக்கம் வந்து, இன்னும் கிழக்கே போன ஒரு கூட்டத்தின் தடம் அது. நம்மவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஐம்பதாயிரம் ஆண்டு முன்பே இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் மேலே போனால் உலகத்து ஆண்கள் எல்லாரும் ஆப்பிரிக்காவில் ஒரே தகப்பனிடம் போய்ச் சேர்கிறார்கள். உடம்பின் செல்லுக்குள் இருந்து, தாய்க்குத் தாய் வழியாகவே வருகிற மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்துப் போனாலும் ஆப்பிரிக்காவில் ஒரு தாய்தான். அந்த இருவரும் கணவன் மனைவி இல்லை. ஒரே காலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

வழியில் கல்யாண உறவும் உண்டு. நியாண்டர்தால் என்கிற வேறு வகை மனிதர்களோடு நம் முன்னோர் கலந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்விட்ட எல்லாரிடமும் அவர்களுடைய மரபு 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கிறது. இதைக் கண்டு சொன்ன விஞ்ஞானி சுவாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அழிந்துபோன அந்த மனிதர்கள் நமக்குத் தாயபிள்ளைகள். எனக்கு இது மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது.

மேலே போகப் போக உறவு பெருகுகிறது. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. புல்லுக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. பூமிக்கு வயது 454 கோடி, பிரபஞ்சத்துக்கு 1380 கோடி. ஊரணித் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் பிரபஞ்சம் பிறந்த சில நிமிடங்களுக்குள் உண்டானது. நம் செம்புராங்கல்லைச் சிவப்பாக்குவது இரும்பு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதும் இரும்புதான். சூரியன் பிறப்பதற்கு முன்பே எரிந்து வெடித்த நட்சத்திரங்களில் வெந்த இரும்பு அது.

இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் மனிதன் வெறும் தூசி என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவை வைத்தா ஒருவருடைய இடத்தைச் சொல்கிறோம்? யாருக்கு என்ன முறை என்று பார்த்துத்தானே சொல்கிறோம்! கார்த்திகை, மார்கழியில் முன்னிரவில் ஊருக்கு வெளியே நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஆந்த்ரோமீடா என்கிற அண்டம் மங்கலாக, வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டு ஆகிறது. அது புறப்பட்டபோது நம் மனித வகையே பிறக்கவில்லை. இன்றைக்கு அதைப் பார்த்து, எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் என்று கணக்கிட்டுச் சொல்கிற பங்காளி நாம்தான்.

ஒரு வேண்டுகோள். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர்கள் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, 2011இல், அடியில் இருக்கும் கைக்கோடரிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். நம் மனித வகைக்கே 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அப்படியென்றால் அவற்றைச் செய்தவர்கள் நமக்கு முந்திய மனிதர்கள். அந்த அகழாய்வில் அவர்களுடைய எலும்பு கிடைக்கவில்லை, அவர்கள் செதுக்கிய கல்தான் கிடைத்தது. அங்கேயும் இரும்புச் சிவப்பேறிய சரளை மண் இருக்கிறது, இங்கே செட்டிநாட்டிலும் இருக்கிறது. ஊரணி தூர் வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ, இரண்டு பக்கமும் செதுக்கி, கையில் பிடிக்கத் தோதாக, நுனி கூராக ஒரு கல் கிடைத்தால் கழுவிவிடாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். இடம் தெரியாமல் போய்விட்டால் அந்தக் கல்லுக்கு வயது சொல்ல முடியாது.

வணக்கம்.