போர்ன்விட்டா டப்பாவோடு போர்ன்வில்லுக்குப் போனேன்

வணக்கம் மக்களே! குடை இருக்கிறது, பாருங்கள். இந்த முறை மறக்கவில்லை. அதனாலேயே மழை வரவில்லை.

போன வீடியோவின் கீழே ஒருவர், "இங்கிலாந்தில் எல்லாப் புறநகரும் ஒரே செங்கல் வீடுதானே, எதற்கு இந்த அலைச்சல்?" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அவருக்காகவே பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, போர்ன்வில் வந்துவிட்டது. ஸ்டேஷனே கேட்பரி ஊதா நிறம்!

ஆமாம், நாம் சின்ன வயதில் பாலில் கலக்காமல் ஸ்பூனால் அள்ளித் தின்றோமே, அந்த போர்ன்விட்டாவுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். அங்கே கடையில் ஒரு டப்பா வாங்கி, ஸ்டேஷன் பலகை பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று கனவு கண்டேன். கிடைக்கவில்லை! பிரிட்டனில் அதை விற்பதை 2008இலேயே நிறுத்திவிட்டார்களாம். நல்லவேளை, இதைப் போகுமுன்பே தெரிந்துகொண்டு, எங்கள் தெரு இந்தியக் கடையில் டப்பா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். எடுத்தேனே படம்! பிளாட்ஃபாரத்தில் ஒரு பாட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

கதைக்கு வருகிறேன். ஜார்ஜ், ரிச்சர்ட் கேட்பரி சகோதரர்கள் 1879இல் பர்மிங்காம் நகருக்கு நடுவே நெரிசலில் இருந்த தொழிற்சாலையை இந்த வயல்வெளிக்கு மாற்றினார்கள். கால்வாயும் ரயில் பாதையும் ஏற்கனவே இருந்தன, சரக்குப் போக்குவரத்துக்கு வசதி. போர்ன் என்பது இங்கே ஓடும் ஓடை. வில் என்பது பிரெஞ்சு ஒட்டு. அந்தக் காலத்தில் சாக்லேட் என்றால் பிரான்ஸ்தான் உசத்தி, அதனால் இந்தப் பெயர். விளம்பரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

பிறகு ஜார்ஜ் பக்கத்து நிலங்களை வாங்கி, 1895 முதல் வீடுகள் கட்டினார். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு வரக்கூடாது, மற்றது தோட்டம். பழ மரங்களும் உண்டு. தொழிலாளிகளுக்கு மட்டும் என்றும் இல்லை, வெளியாரும் குடியேறலாம். 1900இல் 313 வீடுகளோடு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே செங்கல் வீடு என்றவரே, இங்கே வந்து வேலிச் செடிகளைப் பாருங்கள்!

குடும்பம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவு, குடிக்கு எதிரி. கிராமத்துக்குள் பப் கிடையாது. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. என் கோபம் ஹாட் சாக்லேட் மேல்! ஒரு கடையில் 4 பவுண்ட் 80 பென்ஸ் வாங்கினார்கள், மக்களே. சாக்லேட் பிறந்த ஊரில்! அதுவும் வெதுவெதுப்பாக, அடியில் தூள் கட்டியாக. ஸ்பூன் கேட்டேன், மரக்குச்சி கொடுத்தார்கள். நாலு எண்பது! பர்ஸில் இருந்த சில்லறை எல்லாம் காலி.

அப்புறம் செல்லி மேனர். மரச்சட்டம் வைத்த பழைய வீடு. இடிய இருந்ததை ஜார்ஜ் 1907இல் வாங்கி, வேறிடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார். வீட்டையே மூட்டை கட்டுவார்களா என்று வாசலில் ரொம்ப நேரம் நின்றேன்.

அய்யோ, பசுமைத் திடலை விட்டுவிட்டேனே! மேனருக்கு முன்னாலேயே அங்கேதான் போனேன். நடுவில் எட்டுக்கோண மண்டபம், ரெஸ்ட் ஹவுஸ். ஜார்ஜ், எலிசபெத் தம்பதியின் வெள்ளி விழாவுக்குத் தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கொடுத்த பரிசு. எதிரே பள்ளிக்கூடக் கோபுரத்தில் 48 மணிகள் கொண்ட கேரிலான். ஜார்ஜ் பெல்ஜியத்தின் புரூஜில் மணியிசை கேட்டு மயங்கி, 1906இல் இங்கே வைத்தாராம். கோயில் மணி மாதிரி நினைக்காதீர்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து, கட்டைகளைக் கையால் தட்டிப் பாட்டு வாசிக்கிறார்.

மணி தொடங்கியபோது நான் பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன போர்ன்விட்டா. சூடு குறையவே இல்லை. கேட்கிறதா மணிச் சத்தம்? இருங்கள், மைக்கைத் திருப்புகிறேன்.