துறைமுகம் தோறும் ஒரு குவளை

நேயர்களுக்கு வணக்கம். கீழக்கரையில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் 26 ஆண்டுகள் சமையல்காரனாக வேலை பார்த்து ஊர் திரும்பியவன் நான். வெளிநாடு போகிறவர்கள் அங்கே என்ன குடித்துப் பார்க்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். மதுவைத் தொட்டதில்லை, ஆகவே மது கலவாத பானங்களைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும் கரை நம்முடையது. இங்கே வளர்ந்தவனுக்குப் புது ஊரில் கால் வைத்ததும், இந்த மக்கள் தாகத்துக்கு என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் அதைத்தான் தேடிப் போவேன். போன இடத்திலெல்லாம், குவளைக்குள் இருந்தது பெரும்பாலும் நமக்குப் பழக்கமான பொருளாகவே இருந்தது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவை முதலில் சொல்கிறேன். நல்ல கோடை. பெரிய உலோகச் சாடியை மார்போடு கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டுகளை ஒன்றோடொன்று தட்டி ஒலி எழுப்பியபடி ஒருவர் தெருவில் வந்தார். கருஞ்சிவப்பாக ஒரு குவளை ஊற்றித் தந்தார். ஒரு வாய் குடித்தேன். பங்குனித் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நின்ற ஞாபகம் வந்துவிட்டது. புளி! ஊறவைத்து, கரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த புளித்தண்ணீர். அதன் பெயர் 'தமர் ஹிந்தி'. அரபு மொழியில் 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள். புளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டாமரிண்ட் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதான். நோன்பு மாதத்தில் அங்கே நோன்பு திறக்கும் வேளையில் இதை விரும்பிக் குடிப்பார்கள். சுக்கும் ஏலமும் வெல்லமும் சேர்ந்த நம் பானகமே என் நாக்குக்கு மேல். ஆனாலும் அந்தத் தெருவில், அந்த வெயிலில் அந்தக் குவளைக்கு ஈடு சொல்ல முடியாது.

இதே போன்ற சாடிகளில் 'எர்க் சூஸ்' என்ற பானமும் வரும். அது அதிமதுரம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதிமதுரம் அழுத்தத்தைக் கூட்டக்கூடியது.

ஸ்பெயினின் வலென்சியாவில் 'ஒர்சாத்தா' என்று பால் போல வெள்ளையாக ஒன்று தருவார்கள். அதில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. நாம் பாய் முடையும் கோரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லின் சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்து, தேங்காய்ப்பால் எடுப்பது போலப் பிழிந்து, சர்க்கரை சேர்க்கிறார்கள். கோரைக்கிழங்கை மருந்துக்கடைச் சரக்காக மட்டுமே அறிந்திருந்த எனக்கு அது பெரிய வியப்பு. குளிரக் குளிரக் குடிக்க வேண்டும், சீக்கிரம் கெட்டுவிடும். மெக்சிகோவிலும் இதே பெயரில் கேட்கலாம். அங்கே அரிசியும் இலவங்கப்பட்டையும் சேர்த்துச் செய்வார்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இலங்கை இருக்கிறது. 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. என் தகப்பனார் அதில் போய் வந்தவர். அங்கே 'ரணவரா' என்று கேளுங்கள். நம் தரிசு நிலத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையேதான்! காயவைத்த பூவைக் கொதிக்கவைத்து, கித்துள் என்ற பனை இனத்து மரத்தின் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

மலேசியாவில் நம் கரைக்காரர்களின் கடைகளே நிறைய உண்டு என்பதால் 'தே தாரிக்' என்ற ஆற்றிய பால் தேநீரைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வெறுமனே 'தே' என்றால் இனிப்பான கெட்டிப்பால் கலந்து வரும். 'தே ஓ' பால் இல்லாதது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'தே ஓ கோசோங்' என்று சொல்ல வேண்டும். அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் என்று சாயல்குடிப் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ரஷ்யாவின் 'குவாஸ்' பானத்தை அதை வைத்தே புரிந்துகொள்ளுங்கள். 'ரை' என்ற தானியத்தில் சுட்ட ரொட்டியை ஊறவைத்து நுரைக்கவிட்டுச் செய்வது. குழந்தைகளும் குடிப்பார்கள், ஆனால் சிறிதளவு ஆல்கஹால் இருக்கும். 'ஆல்கஹால் இல்லாத பீர்' என்று எழுதியிருந்தாலும் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. அறவே வேண்டாம் என்பவர்கள் புட்டியில் 0.0 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெருக்கடையில் எதைக் குடித்தாலும் ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் சூடான பானமே நல்லது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, உங்களை எண்ணித்தான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டேன். வெயிலில் வேலை முடித்து வந்து இனிப்பு சோடாவாகக் குடிக்கிறீர்கள். அந்த ஊர்க் கடைகளிலேயே 'லபன்' கிடைக்கிறது. நம் மோர்தான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும்; பாதித் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். அரபு வீட்டில் யாராவது அழைத்து 'கஹ்வா' கொடுத்தால் மறுக்காதீர்கள். ஏலக்காய் மணக்கும் வெளிறிய காப்பி அது; சர்க்கரை இருக்காது, கூடவே பேரீச்சை வரும். யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விருந்தோம்பல் அது. கைப்பிடி இல்லாத சிறு கிண்ணத்தை வலக்கையால் வாங்குங்கள். காலியானதும் மீண்டும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இரண்டு மூன்று முறை இலேசாக ஆட்டிக் கொடுங்கள், ஊற்றுகிறவர் புரிந்துகொள்வார்.

நன்றி, வணக்கம்.