ஃபார்ம் 16 இல்லாதவர் கட்டும் வரி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"வரி கட்டுவதற்காகவே அதிக நாள் உழைப்பது யார்? வருமான வரி கட்டும் மாதச் சம்பளக்காரரா, வருமான வரியே கட்டாத தினக்கூலியா?" இதுதான் தலைப்பு. நான் தினக்கூலிக்காகப் பேச வந்திருக்கிறேன், அதுவும் கொஞ்சம் கோபத்தோடு வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ரொம்ப அழகாக ஆரம்பித்தார். 1948ல் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டல்லஸ் ஹோஸ்டெட்லர் என்ற தொழிலதிபருக்கு ஒரு யோசனை வந்ததாம். ஜனவரி 1 முதல் ஜனங்கள் சம்பாதிப்பதை எல்லாம் வரிக்கே கொடுத்துக்கொண்டு வந்தால், எந்தத் தேதியில் வரி முடிந்து அவர்கள் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்குவார்கள் என்று ஒரு கணக்கு. 2019ல் அந்தத் தேதி ஏப்ரல் 16, அதாவது வருடத்தில் 105 நாள் அரசாங்கத்துக்கு என்றார். அப்புறம் நம் ஊருக்கு வந்து, 1973-74ல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம், மேல் வருமானத்தில் 100 ரூபாய் சம்பாதித்தவருக்கு 2 ரூபாய் 25 காசுதான் மிஞ்சியது என்று சொன்னபோது இந்த அரங்கமே "ஐயோ பாவம்" என்றது. நானும்தான் சொன்னேன். ஆனால் அந்த விகிதம் வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த பகுதிக்கு. 1973ல் 2 லட்சம்! அந்தக் காலத்தில் அவ்வளவு சம்பாதித்தவர் நம் தெருவில் யாரும் இருந்திருக்க மாட்டார், அதனால் அவரை விட்டுவிடுவோம்.

இன்றைய ஆளை எடுத்துக்கொள்வோம். அண்ணன் சொன்ன உதாரணமே இருக்கட்டும், வருடம் 15 லட்சம் சம்பளம் வாங்கும் மேனேஜர். 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. நிலையான கழிவு 75 ஆயிரம் போக மீதிக்கு வரி போட்டு, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 97,500 ரூபாய். நூற்றுக்கு ஆறரை. நாள் கணக்கில் 24 நாள். ஏப்ரல் 1ல் தொடங்கி 24ஆம் தேதி வரைக்கும் அவர் வருமான வரிக்காகவே உழைக்கிறார் என்று அண்ணன் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

நடுவர் அவர்களே, அந்த 24 நாளை 2025 காலண்டரில் எடுத்துப் பாருங்கள். மூன்று சனி, மூன்று ஞாயிறு. 10ஆம் தேதி மகாவீர் ஜெயந்தி, 14 தமிழ்ப் புத்தாண்டு, 18 புனித வெள்ளி. வாரம் ஐந்து நாள் ஆபீஸ் என்றால், அவர் போய் உட்கார்ந்து வேலை பார்த்தது 15 நாள். மிச்ச ஒன்பது நாளும் வீட்டில் இருந்தபடியே அரசாங்கத்துக்கு உழைத்திருக்கிறார்! அது தப்பில்லை, விடுமுறைக்குச் சம்பளம் வாங்குவது அவர் உரிமை. என் ஆளுக்கு அந்த உரிமை இல்லை என்பதுதான் விஷயமே.

என் ஆள் ஒரு கொத்தனார். 800 ரூபாய் கூலி, மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் நல்ல மாதம். மழை பெய்தால் கூலி இல்லை, பொங்கலுக்கும் இல்லை, மணல் வராவிட்டாலும் இல்லை. வேலை ஒருநாள் தாம்பரம் பக்கம், அடுத்த வாரம் திருவள்ளூர் பக்கம், அதனால் பைக் இல்லாமல் முடியாது. மாதம் 25 லிட்டர் பெட்ரோல் போடுகிறார். 2025ல் சென்னையில் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும்போது, மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் சேர்த்து 40 ரூபாய்க்குக் குறையாது. நான் 40 என்றே வைத்துக்கொள்கிறேன், எதிரணிக்குச் சலுகை. மாதம் 1,000 ரூபாய் வரி ஆகிறது. 800 ரூபாய்க் கூலியில் அது ஒன்றேகால் நாள். வருடத்துக்கு 15 நாள்.

மேனேஜர் வருமான வரிக்கு 15 நாள், கொத்தனார் பெட்ரோலுக்கு மட்டும் 15 நாள். இது சாரத்தில் ஏறி, வெயிலில் நின்று, செங்கல் அடுக்கிய 15 நாள்.

உடனே எதிரணித் தங்கச்சி கை தூக்குகிறார், "மேனேஜரும் பெட்ரோல் போடுகிறாரே?" என்று. போடட்டும்மா, அதே 25 லிட்டர், அதே 1,000 ரூபாய் வரி. வருடத்தில் 240 நாள் வேலை என்று வைத்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் 6,250. அந்த 1,000 ரூபாயை அவர் ஒன்றேகால் மணி நேரத்தில் சம்பாதித்துவிடுவார், பதினொரு மணி டீ வருவதற்குள் அந்த மாதத்துப் பெட்ரோல் வரி முடிந்துபோகும். கொத்தனாருக்கு அதே வரி இன்று முழுக்க உழைத்தும் தீராமல் நாளைக் காலைக்கும் போகிறது. ரூபாயில் யார் அதிகம் கட்டுகிறார் என்று கேட்டால் மேனேஜர்தான், நான் மறுக்கவே இல்லை. தலைப்பு ரூபாயைக் கேட்கவில்லை, நாளைக் கேட்கிறது!

சரி, ஜிஎஸ்டிக்கு வருவோம். 2017 ஜூலை 1ல் வந்தது. காய்கறிக்கு இல்லை, பாலுக்கு இல்லை, சில்லறையாக அளந்து வாங்கும் அரிசிக்கு இல்லை, நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் காய்கறி லாரியில் வந்தது, லாரி டீசல் குடித்தது, வழி நெடுக டோல்கேட்டில் நின்றது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனை 900 வருடம் கழித்தும் சொல்கிறோம் என்றால், அந்தச் சுங்கம் எத்தனை பேர் வயிற்றில் போய் இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

300 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. மேஸ்திரி கூப்பிடும்போது போன் எடுக்காவிட்டால் மறுநாள் வேலை இல்லை, ஆக அது ஆடம்பரம் இல்லை. அவர் போன், மனைவி போன் இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு இன்னும் ஒன்றரை நாள். ஊரில் தனக்கென்று ஓர் அறை கட்டலாம் என்று பார்த்தால் சிமென்ட். 2025 செப்டம்பர் 22ல் 18 சதவீதத்துக்கு இறங்கும் வரைக்கும் சிமென்ட்டுக்கு 28 சதவீதம், கார் இருந்த அதே படி! ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் தன் வீட்டுக்கு மூட்டை வாங்கும்போது அவரைக் கார் வாங்க வந்தவர் வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள்.

பரோட்டாவைக்கூட விடவில்லை. 2020ல் கர்நாடகாவில், பாக்கெட்டில் வரும் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, ரொட்டிக்கு 5 என்றால் பரோட்டாவுக்கு 18 என்று தீர்ப்பாயம் சொன்னது. மதுரைக்காரர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள், உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2025ல் அந்த வரி மொத்தமாக நீங்கியது. நீக்கியவர்களுக்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன்.

டாஸ்மாக் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2023-24ல் அரசுக்கு அங்கிருந்து வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். கையில் காப்பு காய்த்த எத்தனை பேருடைய கூலி அதில் இருக்கிறது? அவர் குடிப்பது சரி என்று சொல்ல நான் வரவில்லை, அந்த வீட்டுப் பெண்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக் கஜானாவில் வைத்த பிறகு, அந்த ஆளைப் பார்த்து "நீ வரியே கட்டுவதில்லை" என்று சொல்லக் கூடாது.

என் கோபம் அந்த வார்த்தை மேல்தான். "எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கு இலவசம்" என்று எதிரணியில் ஒருவர் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் கொத்தனார் மனைவிக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். அந்த டிக்கெட்டுக்கு அவர் வீட்டுக்காரர் பெட்ரோல் பங்கிலேயே காசு கட்டிவிட்டார் சார். ரேஷன் அரிசிக்கும் கட்டினார், மேனேஜர் பையன் குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு வந்த அரசுப் பொறியியல் கல்லூரிக்கும் சேர்த்துத்தான் கட்டினார்.

மேனேஜருக்கு ஃபார்ம் 16 வருகிறது. எவ்வளவு பிடித்தோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள், அதிகமாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம், அது வங்கிக் கணக்குக்கே வந்து சேரும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். வேலை இல்லாமல் போன மழை மாதத்திலும் பெட்ரோலுக்கும் ரீசார்ஜுக்கும் வரி கட்டிய இந்தக் கொத்தனார், தன் ரீஃபண்டைக் கேட்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?