மேட்டில் போன மண்ணும் ஏரியில் போன தண்ணீரும்

(காட்டுமன்னார்கோயிலில் ஏரிப் பாசன ஆயக்கட்டு விவசாயிகளிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இந்த ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு எத்தனை கன அடி வருகிறது, சென்னைக்குக் குடிநீராக எத்தனை போகிறது என்பதெல்லாம் தினமும் பேப்பரில் வருகிறது. ஆனால் அடைமழையில் அரியலூர் மேட்டிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டுவந்து கொட்டுகிற மண்ணை யார் அளக்கிறார்கள்?

நாமே அளந்து பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் கரைந்தால் 4 கன மீட்டர், ஐந்தாறு டன். டிராக்டர் டிப்பரில் ஒன்றரை நடை. மேட்டுக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஏரிக்குத் தெரியும். ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி வண்டல் படிந்தால் 43,560 கன அடி இடம் போய்விடுகிறது, அதாவது 12 லட்சம் லிட்டருக்கு மேல். நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏரி ஒரு தடவை நிரம்புகிற கணக்கில், நாலு ஏக்கரில் படிந்த ஓரடி வண்டல் ஒரு ஏக்கர் நெல்லின் தண்ணீரை விழுங்கிவிட்டது.

ஆகவே வருங்காலத்தில் எந்த நிலத்தில் என்ன வைப்பது என்பதைப் போன வருஷத்து விலை முடிவு செய்யக்கூடாது. அந்த நிலம் சரிவில் எங்கே இருக்கிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு மரப்பயிர்தான் சரி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது, மண்ணைப் பிடித்திருந்த வேரும் சேர்ந்து போயிற்று. தோப்பு இருந்தால் மட்டும் போதாது. கொட்டை பொறுக்க வசதியாகச் சருகைக் கூட்டி எரித்துவிட்டு, மழைக்கு முன் சரிவோடு உழுது போட்டால் அது தோப்பல்ல, வாய்க்கால்.

வரப்பைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் போட வேண்டும். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஏழடிக் கழி இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு சட்டத்தின் நடுக்குறியைத் தொட்டால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே காலை மாற்றி மாற்றி வைத்து முளை அடித்துக்கொண்டு போகலாம். மண்ணை மேட்டுப் பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள். அந்தக் குழி வண்டலைப் பிடிக்கும். வரப்பு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மழையல்ல, மிகைநீர் போக வழி விடாததுதான். வரப்பு உச்சியைவிட ஓரடி தாழ்வாக, கல் பாவி ஒரு சின்னக் கலிங்கு விடுங்கள். வரப்போரம் அரையடிக்கும் குறைவான இடைவெளியில் வெட்டிவேர். நம் கடலோர மணலில் வேருக்காகவே பயிராகிறதே, அதே புல்தான். ஆனால் வரப்பில் வைத்ததை வேருக்கு ஆசைப்பட்டுத் தோண்டினால் வரப்பும் சேர்ந்து போகும்.

வண்டலை மேட்டுக்கே திருப்பலாம். அரசு விதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 வரை எடுக்கலாம். பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்தான், ஆனாலும் செம்மண்ணில் ஈரம் நிற்கும். ஏற்கெனவே களியான வயலில் கொட்டுவது டீசலுக்குத் தண்டம்.

கீழே நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஓரடி நீளம், அரையடி அகலமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு அரையடி கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், இரண்டங்குலம் நிற்கட்டும். கனத்த களிமண்ணில் அரையடி வரை காத்திருந்தால் வெடிப்பு விழும். அடுத்த பாய்ச்சல் வெடிப்புக்குள்ளேயே போய்விடும், மிச்சம் பிடித்ததற்கு அர்த்தமில்லை. அங்கே வெடிப்பு மயிர்க்கோடாகத் தெரிந்ததுமே மடையைத் திறங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடைமடையில் உவர் இருக்கிற வயலுக்கு இந்தக் குழாயே வேண்டாம். காய விட்டால் உப்பு மேலே ஏறிவிடும்.