தன் தண்ணீரைத் தானே கொட்டும் ரயில் இன்ஜின்! ஏன் தெரியுமா?

[காட்சி: பனி மூடிய யார்டு, தனியாக நிற்கும் டீசல் இன்ஜின்]

வெளியே மைனஸ் 40 டிகிரி. பக்கத்தில் ஆளே இல்லை. திடீரென்று இந்த இன்ஜின் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் தண்டவாளத்தில் கொட்டிவிடுகிறது. ரிப்பேரா? இல்லை, அப்படித்தான் செய்தே வைத்திருக்கிறார்கள்!

[காட்சி: கொருக்குப்பேட்டை கேட், கூட்ஸ் வண்டி]

நம் தண்டையார்பேட்டையில் டீசல் லோகோ ஷெட் இருப்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.ஜி.4 கூட்ஸ் இன்ஜினுக்குள் இருப்பது இ.எம்.டி. என்ற அமெரிக்க கம்பெனியின் 710 வகை டீசல் மோட்டார். அலாஸ்காவில் ஓடும் எஸ்.டி.70 மேக் இன்ஜினிலும் அதே குடும்பம்தான். நமக்கு மார்கழியில் 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லா. அங்கே கதை வேறு.

குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும், அதனால் குளிர்கால டீசல் தனி. சரி, இதை எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

காரில் உறையாத கூலன்ட் ஊற்றுகிறோம். வட அமெரிக்காவின் இந்த ராட்சத இன்ஜின்களில் பெரும்பாலும் தண்ணீர்தான், துருப்பிடிக்காமல் இருக்க மருந்து மட்டும் கலப்பார்கள். கூலன்ட் கசிந்து ஆயிலில் கலந்தால் பேரிங் போச்சு. சூட்டை இழுப்பதிலும் தண்ணீர்தான் கெட்டிக்காரன்.

ஆனால் உறைந்தால் தண்ணீர் விரியும், இன்ஜினின் உடலான இரும்பு பிளாக்கே விரிசல் விடும். அதனால் வண்டி நகராவிட்டாலும் இன்ஜினை ராத்திரி முழுக்க ஓடவிடுவது பழைய வழக்கம். இப்போது தண்ணீர் ஆறினால் தானே ஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு வந்துவிட்டது. அதுவும் கைவிட்டால்?

[காட்சி: வால்வு, குளோசப்]

இதோ இந்தக் குட்டி வால்வு. தண்ணீரின் சூடு உறைநிலைக்குச் சற்று மேலே இறங்கியதும் தானே திறந்துகொள்ளும். சுமார் ஆயிரம் லிட்டர் தரையில்! குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் தண்ணீரைத் திரும்ப நிரப்பலாம், வெடித்த பிளாக்கை என்ன செய்வது? இத்தனை பெரிய இன்ஜினில் எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

அப்புறம், கூரை ஃபேன் மேல் ஒரு பெட்டி இருக்கும். ரேடியேட்டரின் சூடான காற்றை அது இன்ஜின் அறைக்கே திருப்பிவிடும்.

இன்ஜின் தப்பித்தாலும் பிரேக் படுத்தும். குளிரில் ரப்பர் விறைத்து, பிரேக்கை இயக்கும் காற்று பெட்டிக்குப் பெட்டி கசியும். மைனஸ் 25-க்குக் கீழே போனால் கனடாவில் ரயிலின் நீளத்தையே குறைத்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் லோகோ ஷெட்டில் வேலை பார்த்த மாமா, சித்தப்பா யாராவது இருந்தால், நம்மூர் வெயிலில் இன்ஜின் என்ன பாடு படும் என்று கேட்டு கமென்ட்டில் போடுங்கள்.