குளத்தில் எத்தனை வாத்து?

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து பத்து வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. சரி, அதே குழந்தை முன்னால் மரக்கட்டைகளைக் குவித்துவிட்டு, "மூன்று எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கைகொண்ட மட்டும் அள்ளிக் கொடுத்துவிடும். எண்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு, மூன்று என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறு. கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்து இதை விளக்கினார். முதலில் 'ஒன்று' பிடிபடுகிறது. சில மாதங்கள் கழித்துத்தான் 'இரண்டு'. அப்புறம் 'மூன்று'. அவசரப்படுத்தி ஆகிற காரியம் இல்லை.

இந்த இடத்தில்தான் படப்புத்தகம் கைகொடுக்கிறது. படத்தில் இருக்கிற வாத்து ஓடிப்போகாது. நீங்களும் குழந்தையும் ஒரே இடத்தைப் பார்க்கிறீர்கள். தவிர, "இன்னொரு தடவை படி" என்று குழந்தை தானாகவே கேட்கும். எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் எந்தக் குழந்தையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

படத்தை எண்ணிக் காட்டும்போது நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒவ்வொரு வாத்தின் மேலும் விரல் வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். குழந்தைக்கோ கடைசி வாத்தின் பெயர்தான் 'மூன்று' என்று படலாம். இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள்: "பார், மூன்று வாத்து!" உடனே எண்ணுங்கள்: "ஒன்று, இரண்டு, மூன்று." கெல்லி மிக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு இந்த முறைதான் பலன் தந்தது. வெறுமனே எண்ணிக் காட்டியதோ, மொத்தத்தை மட்டும் சொன்னதோ அந்த அளவுக்கு உதவவில்லை.

மூன்று வரை கண்ணாலேயே தெரிந்துவிடும், எண்ண வேண்டிய தேவையே வராது. அதனால் நான்கு முதல் பத்து வரை பொருட்கள் இருக்கிற பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். நாம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்றோடு நின்றுவிடுகிறோம்.

எண்ணுவது மட்டும்தான் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்து வாத்துகள் நீளமாக வரிசையில் போகின்றன. அடுத்த பக்கத்தில் அதே ஐந்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. "எங்கே அதிகம்?" என்று கேளுங்கள். நீளமான வரிசையைத்தான் குழந்தை காட்டும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்த விஷயம் இது. பரப்பிவைத்தால் கூடிவிட்டது என்று அந்த வயதில் தோன்றுகிறது. திருத்தப் போகாதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அந்தப் பதில் பல சமயம் கதையைவிடச் சுவாரசியமாக இருக்கும். மேலே, கீழே, நடுவில், பின்னால், பெரியது, அதைவிடப் பெரியது என்று பேசுவதும் கணக்குதான்.

எந்தப் புத்தகம் வாங்கலாம்? பக்கத்துக்கு ஓர் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, சுற்றிலும் ஜிகினா ஒட்டிய புத்தகங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. குழந்தையின் கவனம் ஜிகினாவோடு போய்விடுகிறது. கதையில் எண்ணுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒரு குட்டியைக் காணோம், யாரைக் காணோம் என்று தேட வேண்டும். அட்டையில் கணக்கு என்று போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏழு என்று எழுதியிருந்தால் படத்தில் ஏழு இருக்கிறதா?

முதல் தடவை கதையைக் கதையாகவே படியுங்கள். அடுத்தடுத்த வாசிப்பில் ஒன்றிரண்டு கேள்விகள் போதும். பக்கத்துக்குப் பக்கம் "எத்தனை, எத்தனை" என்று கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும், குழந்தை எழுந்து போய்விடும். எண்ணும்போது ஒரு வாத்தை விட்டுவிட்டால் "தப்பு" என்று சொல்லாமல், "இப்போது நான் எண்ணட்டுமா?" என்று கேட்டு நிதானமாக எண்ணிக் காட்டுங்கள். நீங்கள் நான்காவது வாத்துக்கு வருவதற்குள் குழந்தை பக்கத்தைப் புரட்டிவிட்டால், புரட்டட்டும். நாளைக்கும் அதே புத்தகத்தைத்தான் கொண்டுவரப் போகிறது.